முதல் நாளிலேயே திரும்பும் பந்து

அன்பார்ந்த வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிரிக்கெட் ஆடுகளங்களுக்குத் தரம் இடுவதில் சுழற்பந்துக்கு ஒரு நியாயமும் வேகப்பந்துக்கு வேறொரு நியாயமும் இருக்கின்றனவா என்ற கேள்வியைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்பளித்திருக்கிறார்கள். டர்பன் வட்டார ஆட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடுவராக நின்றவன் என்ற முறையில், நம்மூர் கிங்ஸ்மீட் மைதானத்திலிருந்தே தொடங்குகிறேன்.

2022 ஏப்ரலில் அங்கே வங்கதேச அணி தன் இரண்டாவது இன்னிங்ஸில் 53 ஓட்டங்களுக்குச் சுருண்டது. அந்த இன்னிங்ஸின் 19 ஓவர்களையும் கேசவ் மகராஜ், சைமன் ஹார்மர் என்ற இரு சுழற்பந்து வீச்சாளர்களே வீசி முடித்தார்கள். டர்பனில் பிறந்த மகராஜ் 32 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். மூன்று ஆண்டுகள் முடிவதற்குள், 2024 நவம்பரில், அதே மைதானத்தில் இலங்கை அணி 13.5 ஓவர்களில் 42 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. அந்த முறை வேகப்பந்து வீச்சாளர் மார்கோ யான்சன் 13 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் எடுத்தார். முதல் சரிவின்போது என்னைச் சுற்றியிருந்தவர்கள் ஆடுகளம் உடைந்துவிட்டது என்றார்கள். இரண்டாவது சரிவின்போது யான்சனின் உயரத்தையும் அவர் பந்தை எழுப்பிய கோணத்தையும் பாராட்டினார்கள். இரண்டு ஆட்டத்திலும் வென்றது நம் தென்னாப்பிரிக்க அணிதான். ஆகவே இந்த வேறுபாட்டுக்கு நாட்டுப்பற்றைக் காரணமாகச் சொல்ல முடியாது. சுழலில் விழும் விக்கெட்டுக்கு மண்ணையும், வேகத்தில் விழும் விக்கெட்டுக்கு வீச்சாளரின் திறமையையும் காரணம் காட்டும் பழக்கம் நம் மனத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது.

அந்தப் பழக்கத்தின் சாயல் விதிகளிலும் தென்படுகிறது. ஆடுகளங்களுக்குத் தரம் இட சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் வகுத்த வழிகாட்டுக் குறிப்புகளில், மோசமான ஆடுகளத்தின் அடையாளங்களாக, எந்தக் கட்டத்திலும் பந்தின் தையல் தரையில் பட்டு அது அளவுக்கு மீறி விலகுவதும், எந்தக் கட்டத்திலும் பந்து அளவுக்கு மீறி ஏறியும் தாழ்ந்தும் எழும்புவதும் சொல்லப்பட்டன. அவற்றோடு, சுழற்பந்துக்கு அளவுக்கு மீறிய உதவி, 'குறிப்பாக ஆட்டத்தின் தொடக்கத்தில்', என்ற வாசகமும் இருந்தது. முதல் நாளில் ஓரளவு திருப்பம் இருக்கலாம் என்று அதே குறிப்புகள் அனுமதித்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனாலும் நேரத்தைச் சுட்டும் எச்சரிக்கை சுழலுக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. புதுப்பந்தும் ஈரமும் பச்சைப் புல்லும் சேர்ந்து வேகப்பந்து வீச்சாளருக்கு முதல் நாள் காலையில் கொடுக்கும் பெரும் உதவியை ஆட்டத்தின் இயல்பாக ஏற்றுக்கொண்டு, காய்ந்த மண் அதே காலையில் சுழற்பந்து வீச்சாளருக்குக் கொடுக்கும் உதவியைச் சூழ்ச்சியாகப் பார்க்கிறோம்.

கவுன்சில் சுழற்பந்து ஆடுகளங்களை மட்டுமே தண்டிக்கிறது என்று நம் வீடுகளில் சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2015இல் நாக்பூரில் நம் அணி 79 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்த ஆடுகளம் மோசமானது என்று தீர்ப்பானது உண்மை. அதே தீர்ப்பு, தையலும் எகிறலும் மிகுந்த ஜோகன்னஸ்பர்க் வாண்டரர்ஸ் ஆடுகளத்துக்கும் 2018 ஜனவரியில் கிடைத்தது. நம் மட்டையாளர் டீன் எல்கரின் தலைக்கவசத்தில் பந்து தாக்கியதும் ஆட்டத்தை இடையில் நிறுத்திய நாள் பலருக்கு நினைவிருக்கும். 2024 ஜனவரியில் கேப்டவுன் நியூலேண்ட்ஸில் நம் அணி 55 ஓட்டங்களுக்கு விழுந்து, முதல் நாளிலேயே 23 விக்கெட்டுகள் சாய்ந்து, 642 பந்துகளில் டெஸ்ட் முடிந்துபோனது. முடிவு கண்ட டெஸ்டுகளில் அதைவிடச் சுருக்கமானது வேறில்லை. அந்த ஆடுகளமும் திருப்தியற்றது என்று தரமிடப்பட்டு ஒரு தகுதியிழப்புப் புள்ளி, அதாவது சேர்ந்துகொண்டே போனால் மைதானம் சர்வதேச ஆட்டம் நடத்தத் தடை பெறும் தண்டனைப் புள்ளி, பெற்றது. 2021இல் அகமதாபாத்தில் இரண்டே நாளில் முடிந்த சுழல் ஆட்டத்தின் களமோ சராசரி என்ற தரத்தோடு தப்பியது. இந்த ஆட்டங்களை வைத்துப் பார்த்தால் ஓரவஞ்சனை என்ற குற்றச்சாட்டு நிற்காது. என் குறை வேறு: எதை அளந்து இந்தத் தீர்ப்புகள் வருகின்றன என்பது கேட்பவருக்கு விளங்குவதில்லை.

விளங்கிய ஓரிடமும் உண்டு. 2023 மார்ச்சில் இந்தூரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டின் முதல் நாளில் 14 விக்கெட்டுகள் விழுந்தன. களத்துக்குத் தரம் இடும் மேட்ச் ரெஃப்ரி என்ற ஆட்ட நடுவர் அந்தக் களத்தை மோசமானது என்று அறிவித்து மூன்று தகுதியிழப்புப் புள்ளிகள் கொடுத்தார். இந்திய வாரியம் மேல்முறையீடு செய்ததும், காணொளியை ஆராய்ந்த குழு, அந்தத் தரத்துக்குப் போதுமான அளவு பந்தின் எழுச்சி தாறுமாறாக இருக்கவில்லை என்று காரணம் சொல்லித் தண்டனையை ஒரு புள்ளியாகக் குறைத்தது. எத்தனை விக்கெட் விழுந்தது, பந்து எவ்வளவு திரும்பியது என்பவற்றை விட்டு, ஒரே இடத்தில் விழுந்த பந்து ஒரே அளவு எழும்பியதா என்று அந்தக் குழு கேட்டது. சரியான கேள்வி அதுதான் என்பது என் உறுதியான எண்ணம். திருப்பத்தையும் தையலின் விலகலையும் நல்ல மட்டையாளர் கற்றுத் தேர்ந்து சமாளிப்பார். ஒரு பந்து முழங்காலிலும் அடுத்த பந்து முகத்திலும் வரும் களத்தில் கற்ற கல்வி உதவாது. அங்கே உடலுக்கும் ஆபத்து.

2025 நவம்பரில் பெர்த்தில் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் ஆடிய ஆஷஸ் டெஸ்ட் இரண்டே நாளில் முடிந்தது. முதல் நாளிலேயே 19 விக்கெட்டுகள் விழுந்தன. அந்தக் களத்துக்கு மிக நன்று என்ற உயர்ந்த தரம் கிடைத்தபோது பலர் கொதித்தார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. கடைசி இன்னிங்ஸில் ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 123 ஓட்டங்கள் அடித்தது, துணிந்து ஆடுபவருக்கும் அந்தக் களம் இடம் கொடுத்தது என்பதற்குச் சான்று. ஆனால் முதல் நாள் காலையில் பந்து நன்றாகத் திரும்பி, எழுச்சி மட்டும் சீராக இருக்கும் ஒரு களத்துக்கும் இதே உயர்ந்த தரத்தைக் கொடுக்க நம்மால் முடிய வேண்டும்.

இதை வற்புறுத்துவதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்கா தன் முதல் டெஸ்ட் வெற்றியை 1906இல் பெற்றது பாய் விரித்த ஆடுகளத்தில், எதிர்பார்க்கும் திசைக்கு மாறாகத் திரும்பும் கூக்ளி பந்தை வீசிய சுழற்பந்து வீச்சாளர்களைக் கொண்டு. இனஒதுக்கல் காலத்தில் நல்ல புல்தரை மைதானங்கள் இந்திய வம்சாவளியினரான நம்மவருக்கு மறுக்கப்பட்டன. என் தந்தையார் டர்பனின் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் ஆடியதும் பாயின்மேல்தான். பாயை இறுக்கி இழுத்தால் பந்து வேகமாக எழும்பும், தளர விட்டால் பிடித்துத் திரும்பும். ஆகவே இரு அணித் தலைவர்களும் பாயைக் காலால் அழுத்திப் பார்த்துச் சம்மதித்த பிறகே நாணயத்தைச் சுண்டுவார்கள் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வழியில் வளர்ந்த ஊரிலிருந்துதான் இன்று மகராஜும், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான சேனுரன் முத்துசாமியும் வந்திருக்கிறார்கள். 2025 அக்டோபரில் லாகூர் டெஸ்டில் முத்துசாமி 11 விக்கெட் எடுத்தபோது, மண் செய்த வேலை என்று ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்கு அது மிகவும் வலித்தது.

வலித்ததற்குக் காரணம், அதே தவறை நானும் செய்திருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், இரண்டு வார இடைவெளியில் இரு ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தேன். புழுதி பறந்த களத்தில் ஓர் அணி எழுபதுக்குள் விழுந்ததும், ஆடுகளம் தகுதியற்றது என்று அறிக்கை எழுதினேன். பச்சைக் களத்தில் இன்னோர் அணி அதைவிடக் குறைவாக எடுத்தபோது, பந்துவீச்சு மிகச் சிறப்பு என்று எழுதினேன். முதல் களத்தைத் தயார் செய்த முதியவர் ஆறு மாதம் தண்ணீர்த் தட்டுப்பாட்டோடு போராடியவர் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. இரண்டாவது களத்தில் இருவர் விரல் முறிந்து வெளியேறியதை என் அறிக்கையில் நான் குறிப்பிடவே இல்லை.

டெஸ்ட் ஆட்டங்களில் பந்தின் பாதையைப் பின்தொடரும் கேமராக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எல்பிடபிள்யூ மறுபரிசீலனைக்கு அவற்றையே நம்புகிறோம். ஒவ்வொரு பந்தும் எத்தனை பாகை திரும்பியது, தையலால் எவ்வளவு விலகியது, ஒரே நீளத்தில் விழுந்தவை எவ்வளவு உயர வேறுபாட்டோடு எழும்பின என்பதெல்லாம் அந்தப் பதிவுகளில் கிடக்கின்றன. ஆட்ட நடுவரின் தரத்தோடு அந்த மூன்று அளவுகளையும் சேர்த்து வெளியிட வேண்டும் என்றும், 'குறிப்பாக ஆட்டத்தின் தொடக்கத்தில்' என்பது போன்ற எச்சரிக்கை விதிகளில் இருந்தால் அது இரு வகைப் பந்துவீச்சுக்கும் சமமாக இருக்க வேண்டும், இல்லையேல் அடியோடு இருக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொள்கிறேன். நம் வட்டார ஆட்டங்களில் கேமரா கிடையாது. அங்கே நான் இப்போது ஆட்டத்தின் ஒவ்வொரு இடைவேளையிலும், யார் விக்கெட் எடுத்தார் என்பதைப் பாராமல், தாறுமாறாக எழும்பிய பந்துகளை மட்டும் எண்ணி ஒரு தாளில் குறித்து வைக்கிறேன். அறிக்கையை அந்தத் தாளைப் பார்த்தே எழுதுகிறேன்.

நன்றி, வணக்கம்.