ஓவன் வேண்டாம், ஈரம் ஆகாது

நேயர்களுக்கு வணக்கம். ஓவன் இல்லாமல், பாகு காய்ச்சாமல், சாக்லேட், பீநட் பட்டர், கார்ன்ஃப்ளேக்ஸ் மூன்றையும் சேர்த்துச் செய்கிற ஒரு தின்பண்டம் பற்றி இன்று பேசப்போகிறேன். கைவேலை அரைமணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் நம் பக்கத்தில் பல வீடுகளில் இது நமுத்துப்போகிறது, இல்லையென்றால் கையில் உருகி வழிகிறது. செய்முறையில் தப்பு இல்லை. அது குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. நாகப்பட்டினத்துக் கடற்காற்றையும் ஐப்பசி அடைமழையையும் சித்திரை வெயிலையும் நாம்தான் அதில் சேர்க்க வேண்டும்.

அளவை எழுதிக்கொள்ளுங்கள். காம்பவுண்ட் சாக்லேட் 200 கிராம். பீநட் பட்டர் 100 கிராம். இனிப்புச் சேர்க்காத கார்ன்ஃப்ளேக்ஸ் 120 கிராம், ஏறக்குறைய நாலு கப். உப்பு இரண்டு சிட்டிகை. சிறிய துண்டுகளாக வைத்தால் 25 வரும்.

காம்பவுண்ட் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அசல் சாக்லேட்டில் இருப்பது கோகோ வெண்ணெய். அது 34 டிகிரியை ஒட்டி உருகிவிடும். தஞ்சாவூரில் சித்திரை மதியம் அதைத் தாண்டும். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருப்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ருசி அசலில்தான், அதை மறுக்க முடியாது. மார்கழி, தை என்றால் அசலே வாங்குங்கள்.

பீநட் பட்டரை வீட்டிலேயே அரைக்கலாம். தோடு நீக்கிய, காய்ந்த வேர்க்கடலை கால் கிலோ. பட்டுக்கோட்டைப் பக்கம் மணற்பாங்கான நிலத்தில் விளைந்தது கிடைத்தால் நல்லது. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். கசப்புக்கு மட்டுமல்ல, பூஞ்சண நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது. அடிகனமான வாணலியில் சிறு தீயில் 12 நிமிடம் போல வறுத்து, ஆறவிட்டு, கசக்கி, முறத்தில் புடைத்துத் தோலை நீக்குங்கள். மிக்ஸியில் முதலில் பொடியாகும். பிறகு கட்டிகட்டியாக ஜார் சுவரில் அப்பும். இந்த இடத்தில்தான் பலர் சட்னி அரைக்கிற பழக்கத்தில் ஒரு கை தண்ணீர் விட்டுவிடுகிறார்கள். கூடவே கூடாது. மிக்ஸியை நிறுத்தி, வழித்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். நாலைந்து சுற்றில் கடலை தன் எண்ணெயைத் தானே விட்டு இளகும். இளகவே இல்லையென்றால் கடலெண்ணெய் ஒரு டீஸ்பூன் போதும்.

தண்ணீர் ஏன் கூடாது? உருகிய சாக்லேட் என்பது கொழுப்பில் மிதக்கிற ஜீனியும் கோகோத் தூளும். அதில் நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் ஜீனித் துகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பளபளவென்று இருந்தது ஒரு நொடியில் திட்டுத்திட்டாக இறுகிவிடும். அப்படி இறுகியதை இந்தப் பண்டத்துக்கு மீட்க முடியாது. சூடான பால் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிடலாம், வீணாகாது. வெல்லமும் நாட்டுச்சர்க்கரையும் இதற்கு ஒத்துவராததும் இதனால்தான். அவற்றில் ஈரம் உண்டு.

ஒரு பாத்திரத்தில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அதன்மேல், அடி தண்ணீரில் படாதபடி, நன்றாகத் துடைத்த எவர்சில்வர் கிண்ணத்தை வையுங்கள். வாயை முழுக்க மூடுகிற அகலமான கிண்ணமாக இருக்கட்டும், இடுக்கு இருந்தால் ஆவி உள்ளே இறங்கும். நறுக்கிய சாக்லேட்டைப் போட்டுக் கிளறுங்கள். முக்கால்வாசி உருகியதும் கிண்ணத்தை இறக்குங்கள், மீதி அந்தச் சூட்டிலேயே உருகும். பிறகு பீநட் பட்டரும் உப்பும் சேர்க்கலாம்.

பீநட் பட்டர் கூடினால் ருசி கூடும் என்று அள்ளிப் போடாதீர்கள். கடலெண்ணெய் நம் ஊர்ச் சூட்டில் உறையாது. அது கூடக்கூடப் பண்டம் இறுகாமல் கொழகொழக்கும். சாக்லேட்டில் பாதிக்கு மேல் போகக்கூடாது. சித்திரை, வைகாசியில் 75 கிராமே போதும்.

கார்ன்ஃப்ளேக்ஸைக் கடித்துப் பாருங்கள். சத்தம் இல்லையென்றால் வெறும் வாணலியில் சிறு தீயில் மூன்று நிமிடம் புரட்டி, முழுக்க ஆறவிடுங்கள். கிண்ணத்தின் அடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்போது இதைச் சேர்க்க வேண்டும். அதிகச் சூட்டில் போட்டால் சாக்லேட் நீர்த்து அடியில் தங்கும், மேலே இருப்பது வெறுமையாக நிற்கும். மூன்று தடவையாகப் போட்டு, நொறுங்காமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். பட்டர் பேப்பரில் கரண்டி கரண்டியாக வைத்து, ஃப்ரிட்ஜில் அரைமணி நேரம்.

அமெரிக்காவில் இதே கலவையைக் கார்ன்ஃப்ளேக்ஸ் போன்ற காலை உணவுத் தானியத்தில் பூசி, மேலே ஜீனிப் பொடி போட்டுக் குலுக்குவார்கள். கடைப் பொடியில் பெரும்பாலும் சோளமாவு, அதாவது வெள்ளைக் கார்ன்ஃப்ளார், கலந்திருக்கும். வீட்டில் அரைத்தால் 100 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் சோளமாவு சேருங்கள். ஆனால் மழைக்காலத்தில் அதைத் தவிர்ப்பதே நல்லது, மறுநாளே பொடி கசிந்து பிசுபிசுக்கும்.

எடுத்து வைக்கிற டப்பா காற்றுப் புகாததாக இருக்கட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த பண்டத்தின்மேல் வெளிக்காற்றின் ஈரம் வேர்த்து நிற்கும். இருபது நிமிடம் மூடியபடியே வெளியே வைத்து, பிறகு திறங்கள்.

கார்ன்ஃப்ளேக்ஸ் இல்லையா? பொரி போடுங்கள். அதே நாலு கப், எடையில் 60 கிராம்தான் வரும். கார்த்திகைக்கு வாங்கிய நெல்பொரி மிச்சம் இருந்தால் உமியைப் பொறுக்கிவிட்டு அதையும் வறுத்துச் சேர்க்கலாம். பொரி சீக்கிரம் நமுக்கும், இரண்டு நாளில் தீர்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அவர்கள் அம்மாவிடம் முதலில் கேட்டுவிடுங்கள். வணக்கம்.