மலையேறும் மேளம்

(சித்திரைத் திருவிழாக்களுக்கு நீலகிரி ஏறும் நாகசுர, தவில் குடும்பங்களுக்காகக் குன்னூரில் ஆற்றிய உரை)

பெரியவர்களுக்கும், அப்பா சித்தப்பாவோடு செட்டாக வாசிக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

குன்னூர் தந்தி மாரியம்மன், ஊட்டி மாரியம்மன் என்று இங்கே சித்திரையில் அடுத்தடுத்து விழா. குடும்பமே மேளமாகக் கிளம்பும்போது, "அப்படியே அத்தை வீட்டுக்கும் ஒரு எட்டுப் போய்விடலாம்" என்ற பேச்சு வராமல் இருக்காது. போங்கள். ஆனால் எந்த வீடு முதலில், எந்த வீடு கடைசியில் என்பதை உறவுமுறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாதையும் தவிலும் முடிவு செய்யட்டும்.

முதலில் பாதை. சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழி ஆக்கிவிடுவார்கள். ஆகவே குன்னூர், அருவங்காடு உறவுகளை ஏறும்போதே பார்த்துவிட வேண்டும், கோத்தகிரிக்காரர்களை இறங்கும்போது. வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று நீதிமன்றம் வரம்பே வைத்தது. அரசுப் பேருந்தில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டு தவிலோடு பேருந்தில் ஏறி, நடத்துநரிடம் நல்ல பெயர் வாங்கியவர் யார்?

இனி தவில். மூடுபனி இறங்கினால் தோல் ஈரத்தைக் குடித்துத் தளரும். கணீரென்று நிற்க வேண்டிய வலந்தலை, அதாவது தவிலின் வலப்பக்கத் தோல், 'தொம்' என்று உட்கார்ந்துவிடும். உடனே தீயில் காட்டுவது பழைய பழக்கம். தோல் ஒரு பக்கம் காய்ந்து மறுபக்கம் ஈரமாக நிற்கும். அந்த நிலையில் இழுத்து முறுக்கினால் விளிம்பில் கிழியும். நட்டு-போல்ட் வைத்த தவிலென்றால் ஒரு நட்டைக் கால் சுற்று முறுக்கி, அடுத்து அதற்கு நேர் எதிரே இருப்பதைக் கால் சுற்று முறுக்குங்கள். வரிசையாக முறுக்கினால் வளையம் சாயும், நாதம் இடத்துக்கு இடம் மாறும். ஸ்பானர் தவில் உறைக்குள்ளேயே இருக்கட்டும். வண்டியின் டூல்ஸ் பெட்டியில் வைத்தால், கோயில் வாசலில் தவிலின் சுருதி இறங்கும் நேரம் டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

இதனால்தான் முதல் இரவுக்கு ஏற்ற வீடு, மலைக்கு நடுவே, விறகடுப்பு எரிகிற வீடு. அடுக்களைக்கு அடுத்த அறையில், சிமென்ட் தரை படாமல், பலகை மேல் தவிலை வையுங்கள். அடுப்பிலிருந்து ஐந்தாறு அடியாவது தள்ளி இருக்க வேண்டும். வசதியான மாமா வீட்டின் பெரிய ஹாலைவிட, எஸ்டேட் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டுச் சின்ன அறை தவிலுக்கு நல்லது. மாமா கோபித்துக்கொண்டால் காரணத்தைச் சொல்லுங்கள். லயனில் எட்டுப் பேர் படுக்க இடம் கிடையாது. தவில்காரர் மட்டும் அங்கே, மற்றவர்கள் மாமா வீட்டில்.

நாயனத்தின், அதாவது நாகசுரத்தின், சிக்கல் வேறு. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாக ஓடும். ஒரு டிகிரி குறைந்தால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறையும். அடிவாரத்தில் 30 டிகிரி, ஊட்டி இரவில் 12 டிகிரி என்றால், வாசிக்காமல் வைத்திருந்த நாயனத்தின் சுருதி ஒரு சுரத்தானத்தில் (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் இடைவெளியில்) பாதி அளவு இறங்கி நிற்கும். மின்சாரச் சுருதிப் பெட்டி இறங்காது. மூச்சின் சூடு குழலுக்குள் ஏற ஏற சுருதி மேலே வரும். அதனால் பத்து நிமிடம் ஊதிய பிறகே பெட்டியோடு சுருதி சேருங்கள். இரண்டு நாயனமும் சேர்ந்தே சூடாக வேண்டும். அண்ணன் ராகம் விரிக்கும் நேரமெல்லாம் தம்பி சும்மா நின்றால், தம்பி சேரும்போது இறங்கித்தான் ஒலிப்பார். அவர் நாயனத்தைச் சால்வைக்குள் வைத்திருக்கட்டும்.

நாயனத்தின் முனையில் செருகி ஊதும் சீவாளிகளைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வையுங்கள். உறவினர் வீட்டில் வர்க்கியும் டீயும் வந்துகொண்டே இருக்கும், மறுக்க முடியாது. குடித்ததும் வெந்நீரில் வாய் கொப்பளியுங்கள். சர்க்கரை எச்சில் சீவாளியின் உள்ளே காய்ந்தால் அதன் வாய் ஒட்டிக்கொள்ளும், ஊதினால் பிசிறடிக்கும்.

எஸ்டேட் வீடுகளுக்கு வார நாளில் பகலில் போனால் பூட்டுதான் வரவேற்கும். இலை பறித்துத் திரும்பிய பிறகு மாலையில் போங்கள். கேரட் வாங்கிப் போகாதீர்கள். அது இங்கிருந்துதான் உங்கள் ஊருக்கு வருகிறது. முருங்கைக்காய், வாழையிலை, வெற்றிலை கொண்டுபோனால் மலையில் மரியாதை. உறவு மூலம் வந்த வாசிப்பென்றால் வண்டி வாடகை, தங்கல், சாப்பாடு மூன்றையும் விழாக் குழுவிடமே நேரில் பேசிவிடுங்கள். நடுவில் நின்ற அத்தான் பாவம். பிறகு இரண்டு பக்கமும் அவரைத்தான் ஏசும்.

இறங்கும்போது பலரும் மறப்பது ஒன்று. மலையில் முறுக்கிய தோல் அடிவார வெயிலில் காய்ந்து இன்னும் இழுக்கும்; உறைக்குள் இருக்கும்போதே வெடிக்கும். கோத்தகிரியில் கடைசி வீட்டில் விடைபெறும் முன் எல்லா நட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். குஞ்சப்பனையில் வண்டி நின்றால் உறையைத் திறந்து ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். சத்தம் மேலே ஏறியிருந்தால், மேட்டுப்பாளையம் வரும் முன் இன்னொரு கால் சுற்று.