நெத்திலியைத் தூக்கிய காக்கா

நேயர்களுக்கு வணக்கம். பாட்டி வடை சுட்ட கதை தெரியாதவர் உங்களில் இருக்க மாட்டீர்கள். அந்த ஒரு கதையை வைத்துத்தான் பல வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது. கடலூரில் சிறு பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன். வருகிற பிள்ளையிடம் 'இது என்ன, அது என்ன' என்று நான் ஆரம்பிப்பதில்லை. நாலு படத்தைக் காட்டிக் கதையைச் சொல்லிவிட்டு, "இப்ப நீ எனக்குச் சொல்லு" என்பேன்.

பொருளுக்குப் பெயர் சொல்ல ஒரு சொல் போதும். கதைக்கு அது போதாது. யார், எங்கே, எதற்காக, அதனால் என்ன ஆயிற்று, எல்லாவற்றையும் மனதில் பிடித்துக்கொண்டு கோர்க்க வேண்டும். தமிழில் 'வந்து, பார்த்து, தூக்கிக்கிட்டு' என்று ஆளைச் சொல்லாமலே அடுக்கிக்கொண்டு போகலாம். ஆனால் காக்கா முடிந்து நரி தொடங்கும் இடத்தில் 'நரி' என்று சொல்லியாக வேண்டும், இல்லையா? அங்கேதான் சில பிள்ளைகளுக்குத் தடுக்குகிறது.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஐந்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். "ட வரலைங்க, ர வரலைங்க, மத்த புள்ளைங்க சிரிக்குதுங்க" என்று அம்மாவுக்கு ஒரே கவலை. படத்தைக் கொடுத்தேன். பார்க்கவே இல்லை. "ஒலு ஊல்ல ஒலு ஆயா நெத்திலி காய வெச்சாங்களாம்." வடை எங்கே என்றேன். "வதை இல்ல, கலுவாது!" என்று என்னைத் திருத்தினாள். ஆயா குச்சியோடு காவல் இருந்தாராம். கண் அசந்த நேரம் காக்கா ஒன்றைத் தூக்கியதாம். ஏன் தெரியுமா? கூட்டில் குஞ்சு பசியில் அழுததாம். நரி அவள் தெருவில் கிடையாது, அதனால் பூனை. பூனை பாடச் சொன்னதும் காக்கா, 'இது என்னை ஏமாத்தப் பாக்குது' என்று நினைத்ததாம். நினைத்தும் பாடிவிட்டதாம், பாட்டு அவ்வளவு பிடிக்குமாம்! அன்று அடுத்துக் காத்திருந்தவர்களை நான் மறந்தே போய்விட்டேன்.

அவர்களோடு துணைக்கு வந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே வயது. ழகரம்கூடச் சுத்தம். சும்மா அவனையும் கேட்டேன். "காக்கா எடுத்துச்சு. அப்புறம் அது வந்துச்சு. அப்புறம் அது பாடுச்சு. அப்புறம் விழுந்துச்சு." எது வந்தது? "அது." ஏன் பாடியது? படத்தைத் தொட்டுக் காட்டினான். பாட்டி கதைக்குள் வரவே இல்லை. "அவன் சமத்துங்க, அதிகம் பேச மாட்டான்" என்றார் அவன் அம்மா.

எந்தப் பிள்ளைக்காக நான் கவலைப்பட்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. உச்சரிப்பு வேறு, மொழி வேறு. இதை நான் எங்கே போனாலும் சொல்வேன். வீட்டில் கேலிகூடச் செய்கிறார்கள். மூன்று வயதில் 'அப்புறம், அப்புறம்' என்று கோர்ப்பது இயல்பு. ஐந்து வயதிலும் 'ஏன்' வராமல், யார் செய்தார் என்பது புரியாமல் இருந்தால் கவனிக்க வேண்டும். ஒரு கதையை வைத்து முடிவு கட்டிவிடவும் கூடாது. கூச்சமாகவும் இருக்கலாம்.

சில பிள்ளைகளுக்குக் காது நன்றாகக் கேட்கும், வேறு காரணம் எதுவும் தெரியாது, மொழி மட்டும் பின்தங்கும். இதற்கு மொழி வளர்ச்சிக் குறைபாடு என்று பெயர். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பள்ளியில் சேரும் வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருந்தது. முப்பது பேர் வகுப்பில் இரண்டு பேர். பெற்றோர் வளர்ப்பால் வருவதில்லை. டாரதி பிஷப்பும் எட்மண்ட்சனும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், பேச்சு பின்தங்கிய நான்கு வயதுப் பிள்ளைகளில் யார் ஒன்றரை வருடத்தில் தேறுவார்கள் என்பதை மற்ற எந்தச் சோதனையையும்விட நன்றாகக் காட்டியது எது தெரியுமா? படத்தைப் பார்த்துக் கதையைத் திருப்பிச் சொல்வது. அதைப் படித்த நாளிலிருந்துதான் இந்தக் காக்கா என்னோடு ஒட்டிக்கொண்டது.

வீட்டில் என்ன செய்யலாம் என்பதற்குத்தான் பெரிய குறிப்பு எழுதி வந்தேன், நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சரி, வேகமாகச் சொல்கிறேன். முதலில் காதுச் சோதனை. இரண்டு மொழி பேசுவதால் இந்தக் குறைபாடு வராது. ஆனால் பிள்ளையை வீட்டு மொழியிலேயே கதை சொல்லவிட்டுப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைப் பார்க்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள், கட்டணம் இல்லை. அப்புறம் அந்தப் பையன், இப்போது பாட்டியைக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டான். நரி இன்னும் 'அது'தான். வணக்கம்.