ஜிக்: வாங்குவதா, நாமே செய்துகொள்வதா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

சரி, அடுத்த கேள்விக்குப் போவோம். இது ஜிக் பற்றியது, அதாவது பிட்டையோ மரத்தையோ சரியான இடத்தில் பிடித்து வழிகாட்டுகிற துணைக்கருவி. திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மொட்டைமாடி அறையில் சின்னதாக ஒரு பட்டறை போட்டிருக்கிறாராம். பத்து இன்ச் டேபிள் சா (மேஜைக்கு நடுவில் பிளேடு நிற்கிற வட்ட ரம்பம்), ஒரு ட்ரிம் ரூட்டர் (சுற்றும் பிட்டால் மரத்தைச் சீவுகிற சின்ன மெஷின்), ஒரு கை ட்ரில் இருக்கிறது. முதல் வேலையாக வீட்டுக்குக் கிச்சன் கப்போர்டு செய்யப் போகிறார். “பாக்கெட் ஹோல் ஜிக், டோவல் ஜிக், கீல் ஜிக், கிராஸ்கட் ஸ்லெட், வட்டம் வெட்டும் ஜிக், டவ்டெயில் ஜிக், எல்லாவற்றையும் ஆன்லைனில் கூட்டிப் பார்த்தால் மெஷின் வாங்கிய காசைத் தாண்டுகிறது. எதை வாங்கலாம், எதை நானே செய்துகொள்ளலாம்?” என்று கேட்கிறார்.

நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அந்த ஜிக்குக்குள் ட்ரில் பிட் உரசிக்கொண்டு சுற்றுமா? சுற்றும் என்றால் வாங்கிவிடுங்கள். ஜிக் உங்கள் மெஷின் மேல் உட்கார்ந்து, மரத்தைப் பிடித்துக்கொண்டு நகர்கிற வேலையை மட்டும் செய்கிறதா? அப்படியானால் நீங்களே செய்யுங்கள். ஏனென்று சொல்கிறேன்.

டோவல் ஜிக்கை எடுத்துக்கொள்வோம். டோவல் என்பது இரண்டு பலகையை இணைக்கத் துளைக்குள் செருகுகிற மரக்குச்சி. ஒரு தேக்குக் கட்டையில் 8 மிமீ துளை போட்டு அதையே வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். முதல் சில துளைகள் நன்றாகத்தான் வரும். ஆனால் பிட்டின் ஓரம் ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அந்தத் துளையின் சுவரையும் கொஞ்சம் சீவிக்கொண்டுதான் போகும். கொஞ்ச நாளில் பிட் உள்ளே ஆட ஆரம்பிக்கும். ஒரு பலகையில் அரை மில்லி இந்தப் பக்கம், மறு பலகையில் அரை மில்லி அந்தப் பக்கம் போனால், மூட்டில் ஒரு மில்லி படி நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். கடை ஜிக்கில் இருக்கும் கடினப்படுத்திய எஃகு புஷ்ஷுக்குத்தான் (பிட் நுழைந்து போகிற குழாய்த் துண்டு) நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். மீதியெல்லாம் பிளாஸ்டிக்கும் அலுமினியமும்தான்.

பாக்கெட் ஹோல் என்பது ஒரு பலகையில் சாய்வாகத் துளை போட்டு, அதன் வழியே ஸ்க்ரூவை முடுக்கி இன்னொரு பலகையோடு இணைப்பது. அதுவும் அதே கதைதான், கொஞ்சம் அதிகமாகவே. பிட் 15 டிகிரி சாய்வில் இறங்குவதால் அழுத்தம் முழுக்க ஒரு பக்கச் சுவரில் விழும். மரத்தில் செய்தால் சீக்கிரமே போய்விடும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டு மாடல்களில் பலகையின் தடிமன் இன்ச்சில் குறித்திருக்கும். முக்கால் இன்ச் என்றால் 19 மிமீ. நம் கடையில் 18 மிமீ என்று கொடுக்கிற ப்ளைவுட்டை வெர்னியர் வைத்துப் பார்த்தால் பல நேரம் 18கூட இருக்காது. முக்கால் இன்ச்சில் செட் செய்து ஒண்ணேகால் இன்ச் ஸ்க்ரூவை முடுக்கினால், முனை மறுபக்கத்தில் எட்டிப் பார்க்கலாம். வேஸ்ட் துண்டில் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, பிட்டின் ஆழத்தை நிறுத்துகிற காலர் வளையத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். ப்ளைவுட்டுக்கு அகல மரை ஸ்க்ரூ, தேக்கு, வேங்கை மாதிரி கெட்டி மரத்துக்கு நெருக்க மரை.

கீல் ஜிக். கிச்சன் கதவுக்குப் போடும் கப் கீலுக்கு 35 மிமீ குழி வேண்டும். ஆழம் பன்னிரண்டு, பதின்மூன்று மில்லி. 18 மிமீ கதவில் மிச்சம் இருப்பது ஐந்தாறு மில்லிதான், பிட்டின் நடு முனை அதற்கும் கீழே இறங்கும். கை ட்ரில்லைக் கையால் பிடித்துக்கொண்டு இந்த விஷப்பரீட்சை வேண்டாம். ஒரு கிச்சனில் பத்துப் பன்னிரண்டு கதவு வரும், கதவுக்கு இரண்டு கீல். ஆழத்துக்குத் தடை வைத்த ஜிக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நண்பர் ஒருவரிடம் பெஞ்ச் ட்ரில் இருந்தால் இந்த ஜிக்கே வேண்டாம். கதவு ஓரத்திலிருந்து 22.5 மிமீயில் குழியின் மையம் வருகிற மாதிரி ஒரு கட்டையைக் கிளாம்ப் போட்டு, ஆழத்தை ஸ்டாப்பரில் நிறுத்தினால் போதும். அப்போது குழிக்கும் கதவு ஓரத்துக்கும் நடுவில் 5 மிமீ இருக்கும்.

வாங்குவதும் இல்லாமல் செய்வதும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. கப்போர்டுக்குள் தட்டு வைக்கிற பின் துளைகள் வரிசையாக வேண்டும் இல்லையா? 5 மிமீ துளை, 32 மிமீ இடைவெளி, முன் ஓரத்திலிருந்து 37 மிமீ. இது உலகம் முழுக்க கேபினட் செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இதற்கு ஒரு 10 மிமீ இரும்புப் பட்டையை லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், கணக்குப்படி துளை போட்டுத் தரச் சொல்லுங்கள். உங்கள் ஊரில் லேத் பட்டறைக்கா பஞ்சம், பக்கத்தில் கோவை வேறு இருக்கிறது. கடினப்படுத்தாத இரும்பாக இருந்தாலும், வீட்டு வேலைக்கு அது தேய நாளாகும். பட்டையின் ஒரு பக்கத்தில் விளிம்புக் கட்டை ஒன்றைத் திருகிவிட்டால் 37 மிமீயும் தானாக நின்றுவிடும்.

இப்போது நீங்களே செய்ய வேண்டியது. மரத்தை மேலே வைத்து பிளேடை நோக்கித் தள்ளுகிற பலகைதான் கிராஸ்கட் ஸ்லெட். அதைக் காசு கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள். கடை ஸ்லெட் எல்லாம் 19 மிமீ அகலம், 9.5 மிமீ ஆழம் உள்ள மைட்டர் ஸ்லாட்டுக்காக (டேபிள் சா மேஜையில் பிளேடுக்கு இணையாக ஓடும் பள்ளம்) செய்தது. இங்கே விற்கிற சின்ன டேபிள் சாக்களில் எல்லாமே அந்த அளவு கிடையாது. ப்ளைவுட் மேஜைக்கு அடியில் சர்க்குலர் சாவைக் கவிழ்த்து மாட்டியிருக்கிறவர்களுக்கு ஸ்லாட்டே இருக்காது. அவர்கள் மேஜையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து ஓடுகிற மாதிரி ஸ்லெட் செய்யலாம். அடிப்பலகைக்கு 12 மிமீ ப்ளைவுட் போதும். அதற்கு மேல் போனால் பிளேடின் உயரம் வீணாகும். செண்டரிங் வேலைக்கு வரும் வழவழப்பான ஃபிலிம் ஒட்டிய பலகைத் துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. அடியில் ஓடுகிற பட்டைக்கு மரம் வேண்டாம் என்பேன், ஐப்பசி மழையில் உப்பி ஸ்லாட்டில் இறுகிக்கொள்ளும். காய்கறி நறுக்குகிற தடிமனான பிளாஸ்டிக் பலகை இருக்கிறதே, அதில் பட்டை வெட்டிப் போட்டால் மழைக்காலத்திலும் ஓடும்.

ஸ்லெட்டின் உயிர் பின்பக்க ஃபென்ஸில், அதாவது வெட்டுகிற மரத்தை ஒட்ட வைக்கும் நிமிர்ந்த கட்டையில் இருக்கிறது. அது பிளேடுக்குச் சரியாக 90 டிகிரியில் நிற்க வேண்டும். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. ஐந்து வெட்டு முறை என்று ஒன்று உண்டு. 400 மிமீ சதுரத்தில் ஒரு ப்ளைவுட் துண்டு எடுங்கள். ஒரு ஓரத்தை வெட்டுங்கள். வெட்டிய ஓரத்தை ஃபென்ஸில் ஒட்ட வைத்து அடுத்த ஓரம். இப்படி நாலு பக்கமும் சுற்றி வந்ததும், முதலில் வெட்டிய பக்கத்திலேயே ஐந்தாவதாக 20 மிமீ அகலத்தில் ஒரு பட்டை வெட்டி எடுங்கள். அதன் இரண்டு முனையையும் வெர்னியரில் பாருங்கள். ஒன்று 20.0, மற்றது 20.8 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.8. ஒவ்வொரு திருப்பத்திலும் கோணல் சேர்ந்துகொண்டே வந்து நாலு மடங்காகத் தெரிகிறது. அதனால் நாலால் வகுங்கள். 400 மிமீ நீளத்துக்கு 0.2 மிமீ கோணல்.

ஃபென்ஸின் ஒரு முனைத் திருகை அச்சாக வைத்து, 600 மிமீ தள்ளி இருக்கும் மறுமுனையை நகர்த்தினால், அது 0.3 மிமீ நகர வேண்டும். கண்ணால் பார்த்து முடியாது. பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்க ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் கட்டு) வைத்திருப்பாரே, அது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஃபென்ஸின் பின்னால் ஒரு கட்டையை ஒட்ட வைத்துக் கிளாம்ப் போடுங்கள். ஃபென்ஸைத் தளர்த்தி, இரண்டுக்கும் நடுவில் 0.3 தகட்டைச் செருகி அழுத்திப் பிடித்துத் திருகை முடுக்குங்கள். ஃபென்ஸ் பின்னால் போக வேண்டும் என்றால், தகட்டை முதலிலேயே நடுவில் வைத்துக் கட்டையைக் கிளாம்ப் செய்துவிட்டு, தகட்டை உருவிவிட்டு ஃபென்ஸைத் தள்ளுங்கள். திருகைப் பழைய துளையில் போடாதீர்கள். அது ஃபென்ஸைப் பழைய இடத்துக்கே இழுக்கும். எந்தப் பக்கம் நகர்த்துவது என்று குழப்பமாக இருந்தால், ஒரு பக்கம் நகர்த்தி மறுபடி ஐந்து வெட்டு வெட்டுங்கள். வித்தியாசம் கூடினால் மறுபக்கம். கடைசியாக, பிளேடு ஃபென்ஸைத் தாண்டி வெளியே வருகிற இடத்தில் ஒரு கெட்டிக் கட்டையை ஒட்டிவிடுங்கள். தள்ளுகிற கை அங்கேதான் இருக்கும்.

வட்டம் வெட்டும் ஜிக் பத்து நிமிட வேலை. 6 மிமீ ப்ளைவுட் பட்டையை ரூட்டரின் அடித்தட்டுத் திருகுகளிலேயே மாட்டி, ஒரு ஆணியை மையமாக அடித்தால் முடிந்தது. வட்டப் பலகை வேண்டும் என்றால், ஆணியிலிருந்து பிட்டின் உள் ஓரம் வரைக்கும் ஆரத்தை அளக்க வேண்டும், பிட்டின் நடுவரைக்கும் இல்லை.

டவ்டெயில் (புறா வால் வடிவில் பலகைகளைக் கோக்கிற மூட்டு) ஜிக்கைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ப்ளைவுட்டில் டவ்டெயில் வெட்டினால் ஓரம் பிய்ந்துகொண்டு வரும். சேனல் போட்டு ஓடுகிற கிச்சன் டிராயருக்கு அது தேவையும் இல்லை. டோவல் ஜிக்கும் இப்போதைக்கு வேண்டாம், பாக்கெட் ஹோலே பெட்டியை நிறுத்திவிடும். ஆக, வாங்க வேண்டியது இரண்டே ஜிக். மிச்சமாகிற காசில் எஃப் கிளாம்ப் வாங்குங்கள். கப்போர்டைப் பசை போட்டுப் பிடிக்கும்போது எத்தனை இருந்தாலும் ஒன்று குறையும். சரி, அடுத்து பாலிஷ் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார், அதைப் பார்ப்போம்.