இலக்கம் சரிதான், பிறகு ஏன் சப்பாத்து கடிக்கிறது?

வணக்கம். புறக்கோட்டையில் வாங்கினாலும் வெள்ளவத்தையில் வாங்கினாலும் கடைக்காரர் முதலில் கேட்பது உங்கள் இலக்கத்தைத்தான். எட்டு என்று சொல்லி, எட்டையே வாங்கி, ஒரு வாரத்துக்குள் சிறுவிரலில் கொப்புளத்தோடு நடப்பவர்கள் நம்மில் ஏராளம். அந்த இலக்கம் உங்கள் பாதத்தைப் பற்றிப் பாதியைத்தான் சொல்கிறது. மீதியை இப்போது அளந்து பார்ப்போம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: பிரித்தானிய அளவில் ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 8.5 மில்லிமீற்றர், ஐரோப்பிய அளவில் 6.7 மில்லிமீற்றர் என்பதால், பெட்டியில் அருகருகே அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களும் கிட்டத்தட்டத்தான் பொருந்தும்.

(திரையில்: தாளில் வரைந்த பாதம். பெருவிரல் மூட்டில் சிவப்புப் புள்ளி.)

இந்தச் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் வேளையில், குதிகாலைச் சுவரோடு ஒட்டி, முழு எடையையும் ஊன்றி நின்று, குதிகாலிலிருந்து விரல் நுனிவரை ஒருமுறையும், பெருவிரல் மூட்டுப் புடைத்திருக்கும் இடம்வரை இன்னொரு முறையும் அளவுங்கள். நீளம் ஒன்றாக இருக்கும் இருவரில் ஒருவருக்கு விரல்கள் குட்டையாகவும் மூட்டு முன்தள்ளியும் இருக்கலாம். அவர் மொத்த நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால், பாதத்தின் மிக அகலமான பகுதி சப்பாத்து ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் போய் நெரிபடும். அவருக்கு ஓர் இலக்கம் பெரியதே சரி. விரல்களுக்கு முன்னால் வெற்றிடம் இருப்பதைக் கண்டு அவர் தயங்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரைச் சேர்ந்த சார்ள்ஸ் பிரனொக் 1920களில் உருவாக்கிய உலோக அளவுகோல் இந்த இரண்டு நீளங்களையும் அகலத்தையும் சேர்த்தே காட்டுகிறது. அதன் முதல் மாதிரியை அவர் சிறுவர்கள் பூட்டி விளையாடும் உலோகத் துண்டுகளால் செய்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நமது கடைகளிலும் அப்படியொன்று இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீங்களும் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால், இரண்டு சப்பாத்துகளையும் அணிந்து, குதிகாலை உயர்த்துங்கள். பாதம் மடியும் இடத்திலேயே சப்பாத்தும் மடிந்தால் அளவு பொருந்திவிட்டது. ஒரு பாதம் பெரியதென்றால் அதற்கே வாங்குங்கள்.

(திரையில்: தோல் சப்பாத்துக்குள் மரக்கட்டை நுழைகிறது.)

இனி, சப்பாத்துக்குள் வைக்கும் கட்டை, அதாவது ஷூ ட்ரீ. கொழும்பின் ஈரப்பதத்தில், மூடிய அலுமாரிக்குள் தோல் சப்பாத்துகளுக்குப் பூஞ்சணம் எளிதில் பிடித்துவிடும். வார்னிஷ் பூசாத தேவதாருக் கட்டை வியர்வை ஈரத்தை உறிஞ்சி, மேற்தோலின் சுருக்கங்களையும் நீவி வைக்கும். கட்டை முன்பகுதியை நிரப்ப வேண்டும், ஆனால் பக்கத் தையல்களைப் பிதுக்கக் கூடாது. இரண்டு அளவுகளுக்கு இடையில் தடுமாறினால் சிறியதை எடுங்கள். சுருள்கம்பியின் முனையில் சிறு குமிழ் மட்டும் உள்ள மலிவான வகையைத் தவிர்ப்பது நல்லது. அந்தக் குமிழ் குதிப்பகுதியின் ஒரே புள்ளியில் இடைவிடாது அழுத்துவதால், நாளடைவில் அங்கே தோல் வெளியே புடைத்து, குதிகாலின் பிடிமானம் தளர்ந்துவிடும்.