இமை அறுவைக்குப் பிறகு பார்வை மங்கலாக இருக்கிறதா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் கண்ணீர்ப் படலம் பற்றிப் பேசியதற்கு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. இன்றைக்கு ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். இதில் இருக்கும் ஒரு வரி படித்ததிலிருந்து என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். எழுதியவர் 54 வயது அம்மா. மேல் இமைத் தோல் தொங்கிவிட்டது, கீழ் இமையில் பை மாதிரி உப்பியிருந்தது, எல்லாவற்றையும் சேர்த்து அறுவை செய்துகொண்டார். 10 நாள் ஆகிறது, தையல் பிரித்தாயிற்று, வலி இல்லை. ஆனால் வலது கண்ணில் பார்வை மசமசவென்று இருக்கிறது. கைபேசியில் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் தெரிகிறது. படிக்க உட்கார்ந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ராத்திரி எதிரே வரும் வண்டியின் விளக்கு கோடு கோடாக நீள்கிறது. டாக்டர் "நார்மல்தான்" என்று அனுப்பிவிட்டார். புதுக் கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று கேட்கிறார். அதற்கு அடுத்து வருகிறது அந்த வரி: "அழகு பார்க்கப் போய்க் கண்ணைக் கெடுத்துக்கொண்டாயே என்று வீட்டில் சொல்கிறார்கள், அதனால் மறுபடியும் டாக்டரிடம் போகவே கூச்சமாக இருக்கிறது."

அம்மா, அந்தக் கூச்சத்தை முதலில் விடுங்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடிக்கு ஃபிரேம் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறோமே, அது எதற்காக? பையன் கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரர் தலைக்கு மை அடிக்கவில்லையா? அதுவும் போக, மேல் இமைத் தோல் கண்மணி வரை தொங்கினால் மேல்பக்கப் பார்வை நிஜமாகவே குறையும். புருவத்தை நெற்றியால் தூக்கித் தூக்கிப் பார்த்துச் சாயங்காலம் தலை வலிக்கும். அழகுக்கா பார்வைக்கா என்று கோடு கிழிப்பது அத்தனை சுலபம் இல்லை. எனக்குக் கவலை வேறு. நான் இமை அறுவை செய்கிறவன் இல்லை, செய்துகொண்டு வருகிறவர்களின் கண்ணைப் பார்க்கிறவன். கண்புரை அறுவை செய்தவர் லேசாக உறுத்தினாலும் மறுநாள் காலையில் வந்து நிற்பார். இமை அறுவை செய்தவர் "நானே தேடிக்கொண்டது, யாரிடம் சொல்ல" என்று தள்ளிப்போடுவார். அப்படித் தள்ளிப்போடக் கூடாத சில விஷயங்கள் இருக்கின்றன. கடைசியில் சொல்கிறேன்.

சரி, பார்வை ஏன் மங்குகிறது? பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று இப்போதே தெரிந்திருக்கும். "வைப்பர் டாக்டர்" என்று பேரே வைத்துவிட்டீர்கள். பரவாயில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன். கண்ணுக்குள் வெளிச்சம் நுழையும்போது முதலில் தொடுவது கருவிழியை இல்லை, அதன் மேல் பூசியிருக்கும் கண்ணீரை. கண்ணின் மொத்தப் பவரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த முன்பரப்பில்தான் இருக்கிறது. கண்ணீர் அங்கே வழவழவென்று பரவியிருந்தால் எழுத்து தெளிவு. திட்டுத் திட்டாக உலர்ந்தால் எழுத்துக்கு நிழல், விளக்குக்கு வால். பரப்பிவிடுகிற வேலை இமையுடையது, காரின் முன்கண்ணாடியில் வைப்பர் செய்வதுபோல. உங்களுக்கு அறுவை நடந்தது அந்த வைப்பரில். உள்ளே இருக்கும் லென்ஸையோ விழித்திரையையோ யாரும் தொடவில்லை.

நளன் தமயந்தி கதை தெரியுமல்லவா? சுயம்வரத்தில் நான்கு தேவர்கள் நளனைப் போலவே உருவெடுத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்து நளன்களில் நிஜ நளன் யார் என்று அவள் எப்படிக் கண்டுபிடித்தாள்? அவன் மாலை வாடியிருந்தது, கால் தரையில் பட்டது, வியர்வை இருந்தது, கண் இமைத்தது. தேவர்களுக்கு இமைக்க வேண்டியதில்லை. அவர்கள் கருவிழி உலராமல் எப்படி இருக்கிறது என்று மருத்துவக் கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லை. நாம் நிமிடத்துக்கு 15, 20 தடவை இமைத்தாக வேண்டும். கைபேசியை வெறித்துப் பார்க்கும்போது அது பாதிக்கும் கீழே போய்விடும் என்று எத்தனையோ வீடியோவில் சொல்லியிருக்கிறேன்.

அறுவைக்குப் பிறகு இமை வீங்கியிருக்கிறது, தோல் இறுக்கமாக இருக்கிறது, இமையை மூடும் தசைக்கு இன்னும் பழைய பலம் வரவில்லை. அதனால் இமைக்கிறோம் என்று நினைப்பீர்கள், ஆனால் மேல் இமை முக்கால்வாசி தூரம் வந்து திரும்பிவிடும். கருவிழியின் கீழ்ப்பகுதிக்குக் கண்ணீர் போய்ச் சேராது. தூங்கும்போதும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் திறந்தே இருக்கலாம். அது உங்களுக்குத் தெரியாது. ராத்திரி வீட்டில் ஒருவரை டார்ச் அடிக்காமல், ஹால் வெளிச்சத்தில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். "அழகு பார்க்கப் போய்" என்று சொன்னவருக்கே அந்த வேலையைக் கொடுங்கள்.

தண்ணீர் கொட்டுகிற கண் எப்படி உலர்ந்த கண் ஆகும் என்று கேட்பீர்கள். கருவிழி உலர்ந்து எரிந்தால் மூளை அவசரத்துக்குக் கண்ணீரை அனுப்புகிறது. அது வெறும் தண்ணீர், அதில் எண்ணெய்ப் பங்கு போதாது, நிற்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். மூக்குக்குள் போகிற வடிகாலும் வீக்கத்தில் சரியாக இழுக்காது. துடைத்துத் துடைத்துக் கண்ணோரம் புண்ணாவதுதான் மிச்சம். ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

இப்போது மூன்று சின்னச் சோதனை சொல்கிறேன், வீட்டிலேயே செய்யலாம். மங்கலாகத் தெரியும்போது மெதுவாக நான்கைந்து தடவை முழுதாகக் கண்ணை மூடித் திறங்கள். கொஞ்ச நேரம் தெளிந்து மறுபடி மங்கினால், அது பெரும்பாலும் கண்ணீர்ப் படலம். இமைத்தும் துளிகூட மாறாவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டும். அடுத்தது நேரம். காலையில் எழுந்ததும் மோசம் என்றால் ராத்திரி இமை மூடாதது காரணமாக இருக்கலாம், அல்லது படுக்கும்போது போட்ட ஆயின்மென்ட் இன்னும் கண்ணில் இருக்கலாம். சாயங்காலம் மோசம் என்றால் பகலெல்லாம் திரை பார்த்ததை யோசியுங்கள். மூன்றாவது, இரண்டிரண்டாகத் தெரிந்தால் ஒரு கண்ணைக் கையால் மறையுங்கள். மறைத்த பிறகும் மற்றக் கண்ணில் நிழல் எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் கண்ணீர் விவகாரம். எந்தக் கண்ணை மறைத்தாலும் ஒன்றாகிவிடுகிறது, இரண்டும் திறந்தால் மட்டும் இரண்டு தெரிகிறது என்றால் கண்ணை அசைக்கும் தசையில் சிக்கல். கீழ் இமை அறுவையில் எப்போதாவது அது நடக்கும். அன்றைக்கே சொல்லியாக வேண்டும். ஒரு தடவை வெளியூரிலிருந்து ஒருவர் பதறிப் போய் ராத்திரி போன் செய்தார், "சார், நிலா இரண்டாகத் தெரிகிறது" என்று. ஒரு கண்ணை மூடிப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவும் இரண்டுதான் சார்" என்றார். ஆயின்மென்ட் பூசின கையோடு மொட்டைமாடிக்குப் போயிருக்கிறார்!

கண்ணாடி மாற்றலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். இத்தனை வருஷம் மேல் இமையின் கனம் கருவிழியை அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் கருவிழியின் வளைவு கொஞ்சம் மாறலாம், கண்ணாடிக் கடையில் சிலிண்டர் பவர் என்று சொல்கிறார்களே, அது கொஞ்சம் ஏறி இறங்கலாம். வீக்கம் முழுதாக வடிந்து அது ஒரு நிலைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இரண்டாவது வாரத்தில் பவர் பார்த்து, விலை உயர்ந்த ப்ரோக்ரஸிவ் லென்ஸே வாங்கிவிட்டார். மூன்றாவது மாதம் அந்தக் கண்ணாடி அவருக்கு ஒத்துவரவில்லை. அதுவரை பழைய கண்ணாடியே போதும். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் டாக்டர் சொல்லும்வரை தொடவே கூடாது, இமையைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கும்.

அன்றாடம் என்ன செய்வது? செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு போடுங்கள், கண் எரிந்த பிறகு போடாமல் படிக்க உட்காரும் முன்னாலேயே போடுங்கள். ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் தேவைப்பட்டால் பிரிசர்வேட்டிவ் இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். படுக்கும்போது கெட்டியான ஜெல். சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே படுக்காதீர்கள், டேபிள் ஃபேன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டாம், ஏசி காற்றும் அப்படித்தான். நம் ஊரில் இந்த ஃபேன் ஒன்றைத் திருப்பி வைத்ததிலேயே காலைப் பார்வை சரியானவர்கள் இருக்கிறார்கள். முதல் வாரங்களில் தலையணை உயரமாக இருக்கட்டும். குனிந்து கோலம் போடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் டாக்டர் சரி என்ற பிறகு. கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்குங்கள், திரையைக் கண்மட்டத்துக்குக் கீழே வையுங்கள், அப்போது கண் பாதி மூடியிருக்கும், உலர்வது குறையும். ராத்திரி விளக்கு கோடாக நீள்கிறவரை ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். பகலில் வெளியே போகும்போது பெரிய கறுப்புக் கண்ணாடி, தூசிக்கும் ஆச்சு, கூச்சத்துக்கும் ஆச்சு.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், பன்னீர், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் விட வேண்டாம். ஆறுகிற தையலும் உலர்ந்த கருவிழியும் கிருமிக்குத் திறந்த வாசல். இன்னொன்று, முதல் வாரத்துக்கு எழுதிக்கொடுத்த ஆயின்மென்டை நன்றாக இருக்கிறதே என்று மெடிக்கல் ஷாப்பில் திரும்பத் திரும்ப வாங்கிப் போடாதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். சில வாரம் தொடர்ந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும், வலியே இல்லாமல் ஏறும்.

தள்ளிப்போடக் கூடாதவை என்று சொன்னேனே. அறுவை முடிந்த முதல் 24 மணி நேரம்தான் முக்கியம். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பை நெரிக்கும். பயங்கரமான வலி, கண் முன்னால் தள்ளுவது, இமை கல் மாதிரி இறுகுவது, பார்வை மங்கிக்கொண்டே போவது. இது வந்தால் ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். தையலைத் திறந்து, இமையை வெளிமூலையில் இழுத்துப் பிடித்திருக்கும் நாரை வெட்டிவிட்டு அழுத்தத்தை இறக்குவார்கள். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் பார்வை திரும்புவது கஷ்டம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அமெரிக்க இமை அறுவை நிபுணர்களிடம் கேட்டு 2004-ல் வெளியிட்ட கணக்கில், ஏறக்குறைய 2,70,000 அறுவைகளில் இப்படி ரத்தக்கசிவு வந்தது 2,000-க்கு ஒன்று, நிரந்தரமாகப் பார்வை போனது 22,000-க்கு ஒன்று. அரிது, ஆனால் மணிக்கணக்கில் முடிவாகிற விஷயம். உங்களுக்கு 10 நாள் ஆகிவிட்டது, வலியும் இல்லை, அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். இனிமேல் நீங்கள் கவனிக்க வேண்டியது: வெளிச்சத்தில் கண் திறக்க முடியாத வலி, பீளையும் சிவப்பும் கூடுவது, கருவிழியில் வெள்ளைப் புள்ளி, விளக்கைச் சுற்றி வானவில் வளையத்தோடு தலைவலி வாந்தி, பார்வையில் ஒரு பக்கம் திரை விழுவது. இதில் ஏதாவது வந்தால் அன்றைக்கே போங்கள். எதுவும் வராவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஒரு கண் டாக்டரிடம் பச்சை மருந்துச் சொட்டு விட்டுக் கருவிழியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்ந்த இடம் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். நார்மலா இல்லையா என்பதைப் பார்த்த பிறகு சொல்லட்டும்.

உண்மையில் என்னிடம் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருக்கிற கேள்வி வேறு. "அறுவைக்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும்?" இதை யாரும் கேட்பதில்லை. எவ்வளவு செலவு, தழும்பு தெரியுமா, எத்தனை நாளில் ஃபங்ஷனுக்குப் போகலாம், இதுதான் கேட்கிறார்கள். கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று ஒரு சின்னக் காகிதப் பட்டையைக் கீழ் இமையில் 5 நிமிடம் வைத்துப் பார்க்கலாம். 10 மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் யோசிக்க வேண்டும், 5-க்குக் கீழே என்றால் நன்றாகவே யோசிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் உலர்வது அதிகம், இமை அறுவைக்கு வருகிறவர்களில் பலர் அந்த வயதுக்காரர்கள்தான். கண்ணாடியை விடுவதற்காக லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்துகொண்டவர், தைராய்டு இருப்பவர், சர்க்கரை இருப்பவர் எல்லாம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர் அதை நிறுத்தலாமா கூடாதா என்று இதய டாக்டரிடம் கேட்காமல் தானாக முடிவு செய்யக் கூடாது. இமையில் எவ்வளவு தோல் விடப்போகிறீர்கள் என்று கேளுங்கள். புருவத்துக்கும் இமைமுடிக்கும் நடுவே 20 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும் என்பது நிபுணர்களின் பழைய கணக்கு. அதற்குக் கீழே வெட்டினால் கண் மூடாது. எடுத்ததைத் திருப்பி ஒட்டுவது பெரிய வேலை. கடைசியாக, ராத்திரி இரண்டு மணிக்கு நான் போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். வரவேற்பறை நம்பரைக் கொடுத்தால் வேறு இடம் பாருங்கள்.

சரி, பேச்சு நீண்டுவிட்டது. கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் கண்புரை லென்ஸ் பற்றிக் கேட்டிருக்கிறார், அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம். அம்மா, பரிசோதனையில் என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள்.