கேட்டால் தருவோம் என்பது போதாது

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

"ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை வைத்திருக்கிறோம். விண்ணப்பிக்கத்தான் ஆளில்லை" என்று கல்வி நிர்வாகிகள் அலுத்துக்கொள்வார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். அது எவ்வளவு அவசரத் தீர்ப்பு என்பதை ஒரு தபால் உறை காட்டிக்கொடுத்தது.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 2015இல் ஒரு சோதனையைத் தொடங்கியது. அந்த மாநிலத்தில் நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த வீட்டு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு, தன் மஞ்சள், நீல நிறங்களில் அச்சிட்ட பெரிய உறையில் கடிதம் அனுப்பியது. இடம் கிடைத்தால் நான்கு ஆண்டும் கல்விக் கட்டணம் இல்லை, அதற்கு வருமானப் படிவம் எதுவும் நிரப்ப வேண்டாம் என்றது கடிதம். பெற்றோருக்கும் பள்ளித் தலைமையாசிரியருக்கும் தனியே தகவல் போனது. கடிதம் பெற்றவர்களில் 68 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். பெறாதவர்களில் 26 சதவீதம் பேர்தான். சேர்ந்தவர்கள் 27 சதவீதம், மறுபக்கம் 12.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சலுகை எப்படியும் கிடைத்திருக்கும்! பணம் புதிதல்ல, முன்கூட்டியே தந்த வாக்குதான் புதிது. முதலில் விண்ணப்பி, இடம் கிடைக்கட்டும், கட்டணத்தைப் பிறகு பார்க்கலாம் என்பதுதான் வழக்கமான நடைமுறை. சேமிப்பு உள்ள வீடு பொறுத்திருந்து பார்க்கும். அன்றாடக் கூலியில் ஓடும் வீடு, எவ்வளவு ஆகும் என்று தெரியாத படிப்பைப் பற்றிப் பேச்சே எடுக்காது.

இடங்களை ஒதுக்குவதும் வேண்டியதுதான். பிரேசில் 2012இல் சட்டமியற்றி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் பாதி இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஒதுக்கியது. தரம் போய்விடும் என்ற கூச்சல் அங்கும் எழுந்தது. 2023இல் அதே சட்டத்தைப் புதுப்பித்தார்கள்.

சேர்ந்த பிறகும் கவலை தீர்வதில்லை. சில நூறு டாலர் பாக்கிக்காகப் பட்டப்படிப்பின் கடைசிக் கட்டத்தில் மாணவர்கள் வெளியேறுவதை அட்லாண்டாவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் கவனித்தது. 2011 முதல், விண்ணப்பம் கேட்காமல் தானே பதிவேட்டைப் பார்த்து, தகுதியுள்ளோரின் பாக்கியை அடைத்து வருகிறது. மனு எழுதிக்கொண்டு அலைய வேண்டியதில்லை.

நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த சேர்க்கைக்கு, விண்ணப்பம் வாங்கும் முன்பே, கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் எல்லாம் சேர்த்து மாணவர் கையிலிருந்து எவ்வளவு போகும் என்று எழுதி, கையெழுத்திட்டு, அவர் படிக்கும் பள்ளிக்கே அனுப்பிவையுங்கள்.